உப்பா, சப்பா

கையில் தின்பண்டம் வைத்திருப்பவர்கள் முதலில் அதை முடித்துவிடுங்கள். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

மாலை ஆறரை மணி... சூரியன் விழுந்து, வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்த நேரம். வலப்பக்கம் கடல். இடப்பக்கம் தூரத்தில் ஒரு விளக்குக்கூட இல்லாத கரை. நடுவில் ஒரே ஒரு பாய்மரப் படகு. அதில் மூன்று பேர். மூவரில் ஒருவர், என் நண்பனின் தாய்மாமா, பக்கெட்டைக் கட்டிப்பிடித்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் பல் டாக்டர். குளியல் தொட்டியில் உட்கார்ந்தாலே தலை சுற்றுகிற ஆள். பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் துணைக்குக் கூப்பிட்டுவிட்டானே என்று வந்திருந்தார். அந்தச் சிநேகிதனை எல்லோரும் கேப்டன் என்பார்கள். எட்டாம் வகுப்புக் கால்பந்துக் குழுவில் ஒட்டிக்கொண்ட பேர். அவன் மனைவி டீச்சர். இருவரும் வீட்டை விற்று இந்தப் படகை வாங்கியிருந்தார்கள். இனி இதுதான் வீடு. கரையோரமாகவே ஓட்டிக்கொண்டு போய், டீச்சரின் தங்கை இருக்கும் ஊர்த் துறையில் நிறுத்த வேண்டும். அங்கே ஆறு வயது மகள் காத்திருந்தாள். எல்லோருக்கும் அவள் குட்டி.

படகு என்றால் ஒரு படகு இல்லை. இரண்டு ஒல்லிப் படகுகள், நடுவில் தளம் போட்டு இணைத்தது. இடது படகுக்குள் புருஷன் பெண்டாட்டி படுக்கை. வலது படகுக்குள் குட்டியின் படுக்கை. டீச்சர் அதற்கு மஞ்சள் உறை தைத்து, சுவரில் நட்சத்திரம் ஒட்டி வைத்திருந்தாள். படுக்கைக்கு நேர் கீழே தரைப்பலகை. பலகையைத் தூக்கினால் ஒரு பள்ளம். எங்கே கசிந்தாலும் தண்ணீர் அதில்தான் வந்து தேங்கும்.

அதை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுப்பது டாக்டரின் வேலை. அதற்கு முன்னால் இன்னொரு வேலை... ருசி பார்ப்பது.

"என்னது?" என்றார் டாக்டர், முதல் நாள்.

"விரலை விட்டு நாக்குல வைடா. உப்பா இருந்தா கடல் உள்ள வருதுன்னு அர்த்தம், உடனே கத்து. சப்புன்னு இருந்தா குடிதண்ணித் தொட்டி ஒழுகுது, மெதுவா சொன்னா போதும். படகு வச்சிருக்கிறவன் எல்லாம் இப்படித்தான் பண்றான்."

"டீச்சர், நீங்களும் பண்ணுவீங்களா?"

"நானா? செத்தாலும் மாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். தண்ணீர் குடிக்கும் முன் டம்ளர் விளிம்பை மூன்று தடவை துடைக்கிறவள். பெற்ற மகள் கடித்த பிஸ்கட்டைக்கூடத் தொடமாட்டாள்.

நான் முதலில் சொன்ன அந்தச் சாயங்காலம் டாக்டர் வாயைக் கழுவிக்கொண்டு வலது படகுக்குள் இறங்கினார். பலகையைத் தூக்கினார். ஓரடிப் பள்ளம்... பாதி நிறைந்திருந்தது. விரலை விட்டார்.

வெதுவெதுப்பு.

கடல் தண்ணீர் சில்லென்று இருக்க வேண்டும். தொட்டித் தண்ணீரும்தான். இது காய்ச்சல்காரன் வாய்க்குள் கையை விட்டது போலிருந்தது. விரலை எடுத்தார். தண்ணீர் சொட்டவில்லை. நூலாக நீண்டது... நடுவில் ஒரு குமிழி தொங்கியது... பிறகு அறுந்து சுருண்டு மேலே ஒட்டிக்கொண்டது.

புத்தியுள்ளவன் அதோடு நிறுத்தியிருப்பான். நம் ஆள் வாக்குக் கொடுத்தவராயிற்றே. நாக்கில் வைத்தார். உப்பும் இல்லை, சப்பும் இல்லை. வழவழவென்று, லேசாகப் புளிப்பு. காலையில் பல் துலக்காமல் வந்து நாற்காலியில் சாய்ந்து, "ஆ" என்று திறப்பார்களே... அந்த வாடை.

இருபது வருஷமாக ஊரான் எச்சிலில் கையை விட்டுப் பிழைக்கிறவர். அவருக்குத் தெரியாதா?

தூ தூவென்று துப்பினார். சட்டைக் கையால் நாக்கை அழுத்தித் தேய்த்தார். பிடிமானத்துக்காகத் தரையில் ஊன்றிய இடக்கை வழுக்கிப் பள்ளத்துக்குள் போனது. உள்ளே ஏதோ ஒன்று, மெத்தென்று, சொரசொரவென்று, அவர் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை ஒரு தடவு தடவியது. அவசரமே இல்லாமல்...

மேலே எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது.

"பள்ளத்துல எச்சில்டா. குடம் குடமா எச்சில். கையை நக்குதுடா."

கேப்டன் சுக்கானைப் பிடித்தபடி சிரித்தான். "உனக்கு வேற எது தெரியும்? கடலையே பார்த்தாலும் எச்சில்னுதான் சொல்லுவ."

"அந்த இடத்துலயா குட்டியைப் படுக்க வைக்கப் போற? நான் விடமாட்டேன்."

சிரிப்பு நின்றது. "சரி, பிடி. இந்தத் திசைகாட்டி முள்ளு நேரா இருக்கணும், அவ்வளவுதான்." சுக்கானைக் கொடுத்துவிட்டுக் கேப்டன் இறங்கினான்.

பலகை தூக்கும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு... சப். கொஞ்சம் இடைவெளி விட்டு, சப்... சப்...

"என்னடா, உப்பா?"

பதில் நிதானமாக வந்தது. "ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு."

டீச்சர் எரிச்சலோடு எழுந்தாள். "ரெண்டு ஆம்பளைங்க சேர்ந்து ஒரு தண்ணியைப் பார்க்கத் துப்பில்ல," என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். டாக்டர் தடுக்க வாயெடுத்தார். குமட்டல் முந்திக்கொண்டது.

அவளும் வரவில்லை.

சுக்கானை விட்டுவிட்டு வாசலில் குனிந்து பார்த்தார். பார்க்காமலே இருந்திருக்கலாம்... புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே மண்டியிட்டு, தலையோடு தலை முட்ட, பள்ளத்துக்குள் முகத்தை விட்டிருந்தார்கள். குடிக்கிற சத்தம். டீச்சர் மூச்சுவிட நிமிர்ந்தாள். தாடையிலிருந்து நூல் நூலாகத் தொங்கியது. அவள் அதையும் விரலால் வழித்து வாய்க்குள் போட்டுக்கொண்டாள். கண் மூடியிருந்தது. நட்சத்திரம் ஒட்டிய சுவரில் ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது.

"டீச்சர்... டீச்சர், எழுந்திருங்க."

காது கேட்டதாகவே தெரியவில்லை. இறங்கி அவள் தோளைப் பிடித்து இழுத்தார். சட்டை முழுக்க வழவழத்தது, பிடி நிற்கவில்லை. ஓடி வந்து கடலைப் பார்த்து வாந்தி எடுத்தார். வெறும் வயிறு. பித்தம்தான் வந்தது. அதுகூடச் சுத்தமாகத் தோன்றியதாம், மனுஷனுக்கு.

மிச்ச இரவு முழுக்க அவர்தான் சுக்கான் பிடித்தார். காதில் பஞ்சு, மனதில் ஒரே ஒரு எண்ணம். எப்படியாவது துறை போய்ச் சேர வேண்டும். குட்டி இந்தப் படகில் கால் வைக்கக் கூடாது. குட்டிக்கு ஆடுகிற பல் ஒன்று உண்டு. 'எடுத்துவிட்டு ஒரு வாரம் வைத்திருந்து அனுப்புகிறேன்' என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம். பொய்தான். டாக்டர் சொல்கிற பொய்யை யாரும் நம்புவார்கள்.

விடிந்தது. இருவரும் தலைசீவி, முகம் பளபளக்க மேலே வந்தார்கள். "நல்லாத் தூங்கினியா?" என்றான் கேப்டன். டாக்டர் போட்ட காபியை இருவருமே தொடவில்லை.

துறையில் சித்தியின் கையைப் பிடித்தபடி குட்டி குதித்துக்கொண்டிருந்தாள். படகு மேடையை உரசுவதற்குள் டாக்டர் கயிற்றோடு தாவினார். முட்டி சிராய்த்தது. கயிற்றைத் தூணில் சுற்றிவிட்டு, ஓடிப்போய்க் குட்டியை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"டேய் கேப்டன், குட்டிக்குப் பல்லு ஆடுதுடா. நான் கூட்டிட்டுப் போய்..."

கேப்டன் கேட்கவில்லை. கயிற்றின் தன் பக்கத்து முனையை நிதானமாக அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா," என்று குட்டி இரண்டு கையையும் நீட்டினாள்.

டீச்சர் பார்த்தாள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி பிள்ளையைப் பார்ப்போமே, அப்படி. பிறகு புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு வலது படகுக்குள் இறங்கினாள். பாய் காற்றைப் பிடித்தது. எப்படித் தடுப்பது, என்ன பொய் சொல்வது என்று இரவெல்லாம் யோசித்த மனிதருக்கு ஒரு பொய்யும் தேவைப்படவில்லை. யாருமே பிள்ளையைக் கேட்கவில்லை. "அம்மா எங்க போறாங்க?" என்றாள் குட்டி.

"தண்ணி பிடிச்சிட்டு வருவாங்கடா," என்றார் டாக்டர். வாயிலிருந்து அதுதான் வந்தது.

குட்டி இப்போதும் அவர் வீட்டில்தான். நன்றாகச் சாப்பிடுகிறாள். நன்றாகப் படிக்கிறாள். அவளுக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்.

மழைக்காலம் முடிந்த பிறகு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தது. படகு எங்கோ மணலில் ஏறிக் கிடந்ததாம். ஆள் இல்லை. பள்ளத்தில் தண்ணீரும் இல்லை. இது மட்டும் கிடந்தது என்று ஒரு தட்டை மேசைமேல் வைத்தார் ஏட்டு.

பற்கள். இரண்டு பேருடையவை. கேப்டனின் கடைவாய்ப்பல்லை டாக்டர் உடனே கண்டுகொண்டார். அவரே அடைத்த வெள்ளி அப்படியே இருந்தது. அதைச் சுற்றிப் பல்தான் தேய்ந்து, மழுங்கி, மெலிந்து... நாள் முழுக்க வாயில் ஒதுக்கிச் சப்பிய மிட்டாய் மாதிரி.

தட்டுக்கு அடியில் ஈரமாக இருந்தது. ஏட்டு கைக்குட்டையால் மேசையைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"ஒரு வாரமா வெயில்ல வச்சிருக்கோம் சார்," என்றார். "காயவே மாட்டேங்குது."