தின்னர் துணியில் போன நீலக் கோடு

என் பெயர், வயது, முகவரி மேலே எழுதியிருப்பது சரி. நான் மேற்படி முகவரியில் கணவர், மகளுடன் குடியிருந்து வருகிறேன். வீட்டை ஒட்டிய பட்டறையில் மோட்டார் சைக்கிள் அலாய் வீல்களில் அரிப்பை எடுத்து மறுபடி கோட்டிங் போட்டுக் கொடுக்கிறோம். என் அண்ணன் பழைய கோட்டிங்கை உரித்து, அடியில் வெள்ளையாகப் பூத்திருக்கும் அரிப்பைத் தேய்த்து எடுப்பார். அதன் பிறகு நான் தின்னர் துணியால் துடைப்பேன். அதன் பிறகு என் கணவர் பவுடர் அடித்து அடுப்பில் வைப்பார். துடைக்கிறவள்தானே என்று இதுவரை என்னை யாரும் விசாரிக்கவில்லை.

விரிசல் கண்டால் அண்ணன் அந்த இடத்தில் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் ஒரு குழி அடிப்பார். குழி விழுந்த வீலை நாங்கள் திருப்பிக் கொடுத்துவிடுவோம். மார்க்கரில் வட்டம் போடுவது இன்னும் தேய்க்க வேண்டிய இடத்துக்கு மட்டுமே. தேய்த்து முடித்தபின் அதை நான் துடைத்துவிடுவேன்.

இறந்துபோன தையல்காரரின் முன்வீலை உரித்த அன்று அண்ணனுக்கு மணிக்கட்டு வீங்கிச் சுத்தியல் பிடிக்க முடியவில்லை. விரிசலைச் சுற்றி நீல மார்க்கரில் கோடு போட்டுவிட்டு, ஒருவரிடமும் சொல்லாமல் டாக்டரிடம் போய்விட்டார். அதன் பிறகு நான் வந்து, தேய்த்தாகிவிட்டது என்று நினைத்துத் துடைத்தேன். நீலம் துணியில் இறங்கியதைப் பார்த்தேன். விரிசல் முடியளவு இருந்ததால் என் கண்ணில் படவில்லை, என் கணவர் கண்ணிலும் படவில்லை. வீலை வாங்க வந்த தையல்காரர் அதைத் தடவிப் பார்த்து, புதுசு தோற்றது போங்கள் என்று சிரித்தார்.

பாலத்து இறக்கத்தில் அந்த வீல் உடைந்து அவர் இறந்தபின் என் கணவரைக் கைது செய்தார்கள். அண்ணன் குறி போட்டேன் என்றார். கணவர் குறியே இல்லை என்றார். அதன் பிறகு அண்ணன் தெருவில் நின்று என் கணவரை வாய்க்கு வந்தபடி பேசினார். எல்லாம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறு என்ன.

இன்று ஸ்டேஷனுக்குச் சோறு கொண்டுபோய், கோட்டைத் துடைத்தது நான்தான் என்று கணவரிடம் சொன்னேன். பிசைந்த கையை அப்படியே நிறுத்திவிட்டார். "வாய மூடிக்கிட்டு இரு. பாப்பாவுக்கு நீ வேணும்" என்றார். அதன் பிறகு வெளியே வந்தேன். கட்டுப் போட்ட கையோடு அண்ணன் ஸ்டேஷன் கேட் ஓரம் நின்றிருந்தார். "சாப்பிட்டானா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பி உள்ளே வந்து, வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன்.

என் அண்ணன் பொய் சொல்லவில்லை. என் கணவரும் பொய் சொல்லவில்லை. கோட்டைத் துடைத்தது நான். புருஷனைக் காப்பாற்ற இப்படிச் சொல்கிறேன் என்று யாராவது சொன்னாலும் நடந்தது இதுதான்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதில் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மையில் திரும்பத் திரும்ப அழுத்தியும் என் பெருவிரலில் ரேகை விழவில்லை, தின்னரிலேயே தேய்ந்துவிட்டது. ஆகவே கையெழுத்துப் போடுகிறேன்.

(கையொப்பம்)