கலப்படக் கச்சேரியின் முதல் வயலின்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பல் டாக்டர் அவர்களே! கணக்கு டீச்சர் அவர்களே! ஓபரா என்னும் இசை நாடக மேடைகளில் ராணியாகச் செத்துச் செத்துப் பிழைத்த எங்கள் மகாராணி அவர்களே! செல்லோவைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, அந்தப் பக்கமே பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் என் அம்மா அவர்களே! என் மாமா பழுதுபார்த்த லிஃப்ட்டுகளில் ஏறி இறங்கிய, இன்று அவருக்காக வந்து இந்த அரங்கை நிறைத்திருக்கும் பெரியோர்களே, நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் மேடைக்கு வரும்போது தலைவர் என்னிடம், "சுருக்கமாப் பேசும்மா" என்றார். மாமா இருந்திருந்தால், "அகராதிகிட்ட போய்ச் சுருக்கம் கேக்கறீங்களே!" என்று சிரித்திருப்பார். அகராதி என்பது அவர் எனக்கு வைத்த பெயர். சாப்பிடும்போதுகூட அகராதியைப் புரட்டுகிறேன் என்பதால் அந்தப் பெயர் என்று என்னிடம் சொல்வார். எதிர்த்துப் பேசுகிறேன் என்பதால் என்று அம்மாவிடம் சொல்வார். இரண்டுமே உண்மைதான்.

யாரை இழந்துவிட்டு இங்கே கூடியிருக்கிறோம்? உங்களில் பலருக்கு அவர் லிஃப்ட்டுக்காரர். தோளில் கருவிப் பை, சட்டைப் பையில் டார்ச், காதில் பென்சில். "வந்துட்டேன், பயப்படாதீங்க" என்ற குரல். ஆனால் வேலை முடிந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு அவர் யார்? நால்வர் குழுவின் முதல் வயலின்! இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, தரையில் ஊன்றி வாசிக்கும் செல்லோ ஒன்று. அவ்வளவுதான் அந்தக் குழு. முதல் வயலின் மாமா, இரண்டாம் வயலின் கணக்கு டீச்சர், வியோலா பல் டாக்டர், செல்லோ மாமாவின் தங்கையான என் அம்மா.

அவர்கள் பயிற்சி செய்த இடம் எது தெரியுமா? டாக்டருடைய மருத்துவமனையின் காத்திருப்பு அறை! கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போனதும் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போடுவார்கள். மின்விசிறிக் காற்றில் இசைக் குறிப்புத் தாள்கள் பறக்காமலிருக்க டாக்டரின் மாதிரிப் பல்செட்டை அவற்றின் மேல் வைப்பார்கள். எவ்வளவு சோகமான இசை வாசித்தாலும் அந்தப் பல்செட் சிரித்துக்கொண்டே இருக்கும். நான் மூலையில், மீன் தொட்டிக்குப் பக்கத்தில், புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். புத்தகம் பாதி, இசை பாதி. என் வளர்ப்பே அப்படித்தான் ஆனது.

அந்த அறைக்கு மகாராணி எப்படி வந்து சேர்ந்தார்? இந்தக் கதையை மாமா ஒரு மாதிரி சொல்வார், மகாராணி வேறு மாதிரி சொல்வார். இருவரும் ஒத்துக்கொண்ட பகுதியை மட்டும் நான் சொல்கிறேன்.

மகாராணி குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அவர் மட்டும். அபாய மணியை அழுத்தினார், சத்தம் வரவில்லை. கத்தினால் தொண்டை கெட்டுவிடும் என்று, கத்தாமல் பாடத் தொடங்கினார். ஓபரா பாடகியின் குரல் சும்மாவா? மாடிக்கு மாடி கதவு திறந்தது. யாரோ தகவல் சொல்லி மாமா வந்தார். வந்தவர் கருவிப் பையைத் திறக்காமல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்!

"வெளியில யாரு?"

"லிஃப்ட் மெக்கானிக்குங்க."

"அப்போ திறக்க வேண்டியதுதானே!"

"பாட்டு முடியட்டும்னு இருக்கேங்க. நடுவுல திறந்தா மரியாதையா இருக்காது."

"ஏங்க, நான் என்ன கச்சேரியா பண்றேன்? பெல் வேலை செய்யல, அதான் பாடறேன்!"

"பெல் ரிப்பேர்னு தெரியும். இனிமே ரிப்பேர் பண்ண மனசு வராதுங்க."

கதவு திறந்ததும் மகாராணி அவரை ஒரு பிடி பிடித்திருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மாமா ஒன்றே ஒன்று கேட்டாராம்: "இப்போ எங்க பாடறீங்க?" வயதான ராணிகளுக்கு ஓபராவில் வேலை குறைவு. கம்பெனி அவரைக் கூப்பிடுவதை நிறுத்தி வெகு நாளாகியிருந்தது. "அப்போ எங்ககூடப் பாடுங்க. எங்ககிட்ட ஒரு காத்திருப்பு அறையும் மீன் தொட்டியும் இருக்கு" என்றார் மாமா. இப்படி யாரால் கூப்பிட முடியும்? இப்படிக் கூப்பிட்டால் யாரால் வராமல் இருக்க முடியும்?

இங்கே நான் ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். பெரிய இசைக்குழுவில் முன்னால் ஒருவர் நின்று குச்சியை அசைப்பார், எல்லோரும் அதைப் பார்த்துத் தொடங்குவார்கள். நால்வர் குழுவில் அப்படி யாரும் கிடையாது. முதல் வயலின் மூக்கால் சர்ரென்று ஒரு மூச்சு இழுப்பார். அதுதான் சைகை. மூச்சு எவ்வளவு வேகமோ, பாட்டும் அவ்வளவு வேகம். மற்ற மூவரும் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்கள். மாமாவின் மூச்சு கேட்டால் நான்கு வில்லும் ஒன்றாகத் தந்தியில் இறங்கும்.

இது மகாராணிக்கு எப்படித் தெரியும்? அவர் வாழ்நாள் முழுவதும் குச்சியைப் பார்த்துப் பாடியவர். முதல் பயிற்சி நாள். மாமா மூக்கை உறிஞ்சினார், அவர்கள் வாசித்தார்கள். அடுத்த பாட்டு, மறுபடியும் உறிஞ்சினார். மகாராணி நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். மூன்றாம் பாட்டுக்கு முன்னால் எழுந்து போய்க் கைக்குட்டையை நீட்டினார்.

"இந்தாங்க, நல்லாச் சிந்திடுங்க. உங்க ஜலதோஷம் எனக்குத் தொத்திக்கிட்டா என் தொண்டை என்னாகறது?"

டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் வியோலாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அம்மாதான் விளக்கினாள்: "அண்ணனுக்கு ஜலதோஷம் இல்லீங்க. மத்தவங்களுக்குக் குச்சி, எங்களுக்கு மூக்கு." மகாராணி கைக்குட்டையைத் திரும்பக் கேட்டார். மாமா கொடுக்கவில்லை. மடித்து, தாடைக்கும் வயலினுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து கடைசிவரை அந்தக் கைக்குட்டை அங்கேதான் இருந்தது.

பிறகு வந்தது அந்தக் கச்சேரி! ஓபரா பாடலும் இருக்கும், ஜாஸும் இருக்கும், சினிமா மெட்டும் இருக்கும், டாக்டரின் பிடிவாதத்தால் பழைய ரேடியோவில் வந்த ஒரு பற்பசை விளம்பரப் பாட்டும் இருக்கும். 'கலப்பிசைக் கச்சேரி' என்று மாமா சுவரொட்டிக்கு எழுதிக் கொடுத்தார். அச்சகத்தில் 'கலப்படக் கச்சேரி' என்று அடித்துவிட்டார்கள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் அகராதியை எடுத்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மாமா என்னிடம் என்ன சொன்னார்? "விடு பாப்பா. கலப்படம்னு நாமளே ஒத்துக்கிட்டா யாரு கேஸ் போடப் போறா?" அந்தச் சுவரொட்டியைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் சீட்டு வாங்கினார்கள். நீங்களும் வந்திருந்தீர்கள். இதே அரங்கம், இதே மேடை.

மகாராணி தனக்குப் பிடித்த பாடலைப் பாடினார். ராணி விஷம் குடித்துவிட்டுப் பாடும் பாடல். பாடிக்கொண்டே, இதோ தலைவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான், விழுந்து இறந்தார். கடைசி ஒலி மெலிந்து மெலிந்து, எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிந்தது. அரங்கத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. மாமா வில்லை மடியில் வைத்துவிட்டு, கீழே கிடந்த மகாராணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போது மூக்கை உறிஞ்சினார்.

அது சைகை இல்லை. அவர் அழுதுகொண்டிருந்தார்! ஆனால் மற்ற மூவருக்கும் அது எப்படித் தெரியும்? அவர்கள் கண்கள் தாளில் இருந்தன. தாளில் அடுத்தது பற்பசை விளம்பரம். மூச்சுச் சத்தம் கேட்டது, மூன்று வில்லும் இறங்கின! ராணியின் பிணத்துக்கு மேலே துள்ளிக் குதித்துக்கொண்டு விளம்பரப் பாட்டு! "எனக்கு யோசிக்கவே நேரமில்ல. மூக்குச் சத்தம் கேட்டுச்சு, கை தானாப் போயிடுச்சு" என்று டாக்டர் பிறகு சொன்னார். மாமா பதறிப்போய் வில்லைத் தேடி எடுத்து, எல்லோருக்கும் பின்னால் வந்து சேர்ந்தார். முதல் வயலின் கடைசியாகத் தொடங்கிய பாட்டு உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

மகாராணி என்ன செய்தார்? செத்துக் கிடந்தவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். தரையில் கிடந்தபடியே, சாகும் ராணியின் அதே குரலில், "சிரி, சிரி, பல் தெரியச் சிரி" என்று தொடங்கினார். ஒரு வரிக்கு ஒரு முழங்கையாக ஊன்றி, பாடிக்கொண்டே எழுந்தார். நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் இந்தக் கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அதே கைக்குட்டையோடு சிரித்தீர்கள்.

திரைக்குப் பின்னால் வந்ததும் மகாராணி இடுப்பில் கை வைத்து நின்றார்.

"என்னங்க இது? செத்து ரெண்டு நிமிஷம் நிம்மதியாப் படுக்க விடமாட்டீங்களா?"

"மன்னிச்சுக்கங்க மகாராணி. அழுதுட்டேன்."

"அதெல்லாம் வெளியில சொல்லாதீங்க. ஜலதோஷம்னு சொல்லுங்க."

"ஜலதோஷம்தாங்க."

அதற்குப் பிறகு எந்த ஊரில் கச்சேரி நடந்தாலும் அந்தப் பிழையை அவர்கள் விடவே இல்லை. ராணி இறப்பார், மாமா மூக்கை உறிஞ்சுவார், பற்பசை தொடங்கும். பிறகு உறிஞ்சியதெல்லாம் நடிப்பா என்று மாமாவிடம் கேட்டேன். "அகராதி, எல்லாத்துக்கும் அர்த்தம் கேக்காத" என்றார்.

நோய் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அவர் மாறவில்லை. "இந்த லிஃப்ட் சுருதி விலகுது பாப்பா, யாருகிட்டயாவது சொல்லு" என்றார். மகாராணி பார்க்க வந்தபோது, "உங்க வேலை நல்ல வேலைங்க. செத்தாக் கைதட்டறாங்க, அப்புறம் எழுந்து வந்து வணக்கமும் சொல்லிக்கிறீங்க" என்றார். மகாராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமா! உங்களுக்குக் கைதட்ட நாங்கள் எல்லோரும் வந்திருக்கிறோமே! நீங்கள் எழுந்து வரவில்லையே! லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட எத்தனை பேருக்கு "வந்துட்டேன், பயப்படாதீங்க" என்று சொன்னீர்கள்? இன்று மாட்டிக்கொண்டு நிற்பது நாங்கள் அல்லவா? எங்களுக்கு யார் சொல்வார்கள்?

பெரியோர்களே, இங்கே வருவதற்கு முன்னால் மேடையில் இருக்கும் இவர்கள் நால்வரும் காத்திருப்பு அறையில் கூடினார்கள். நானும் மூலையில் இருந்தேன். அடுத்த மாதம் ரயில் நிலைய முகப்பில் வாசிப்பதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தார். பயணிகள் போகிற போக்கில் கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அம்மா சொன்னாள், "வேண்டாம்னு சொல்லிடலாம். இன்னியோட முடிச்சுக்கலாம்." கணக்கு டீச்சர் சொன்னார், "நாலுல ஒண்ணு போனா மூணுன்னுதான் பசங்களுக்குச் சொல்லித் தர்றேன். இங்க நாலுல ஒண்ணு போனா ஒண்ணுமே இல்ல." டாக்டர் பல்செட்டைத் திறந்து திறந்து மூடினார். மகாராணி ஒரு கேள்விதான் கேட்டார்: "மூச்சு யாரு குடுப்பா?" இந்தக் கூட்டம் முடிந்ததும் நிலைய அதிகாரியிடம் மறுத்துவிடுவதாக முடிவெடுத்து எழுந்து வந்தார்கள்.

மரியாதைக்குரிய கணக்கு டீச்சர் அவர்களே! மூன்று வாத்தியமும் ஒரு குரலும் சேர்ந்தால் எத்தனை? நான் கணக்கில் சுமார்தான். ஆனாலும் நாலு என்று வருகிறது. மகாராணி அவர்களே! பெல்லுக்குப் பதிலாகப் பாடத் தெரிந்த உங்களுக்கு, வயலினுக்குப் பதிலாகப் பாடத் தெரியாதா? மாமா வயலினில் வாசித்த வரிகளை, சொல் எதுவும் இல்லாமல், உங்கள் குரலால் பாட முடியாதா? ஓபராக்காரர் வயலினாக மாறினால் அது முறையா என்று யாராவது கேட்டால், சுவரொட்டியில் ஏற்கெனவே ஒத்துக்கொண்டுவிட்டோமே!

மாமாவின் வேலை நிற்கக் கூடாது. ரயில் நிலையத்துக்குத் தாள் தாங்கிகளை நான் சுமந்து வருகிறேன். சுவரொட்டியை நானே எழுதுகிறேன், பிழையோடு. மாமாவின் கைக்குட்டை வயலின் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, மகாராணி கையில் வைத்துக்கொள்ளட்டும். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களில் ஒருவராவது, மாமா அன்று படிக்கட்டில் உட்கார்ந்ததுபோல், பாட்டு முடியட்டும் என்று உட்காரும்வரை இது நடக்கும். இது இந்த மேடையில் நின்று நான் கொடுக்கும் வாக்கு.

மூச்சு யார் கொடுப்பது என்ற கேள்விதான் மிச்சம். அதற்கு என் அகராதியில் பதில் தேட வேண்டியதில்லை. நான் பேசத் தொடங்கியதிலிருந்து அது இந்த அரங்கத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மூன்றாவது வரிசையில் கேட்டது. கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களிடம் கேட்டது. தலைவர் அவர்களே, கண்ணாடியைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டீர்களே, அப்போதும் கேட்டது. இத்தனை பேருக்கும் ஒரே நாளில் ஜலதோஷம் பிடிக்காது.

இந்தக் குழுவுக்கு ஒரே ஒரு விதிதான். மூக்குச் சத்தம் கேட்டால் தொடங்கியாக வேண்டும். அது அழுகையா சைகையா என்று அன்று இதே மேடையில் யாரும் நின்று விசாரிக்கவில்லை.

அம்மா, இப்போது நீயும் உறிஞ்சினாய். எனக்குக் கேட்டது. டாக்டருக்கும் கேட்டுவிட்டது, அவர் கை தானாக வியோலாவுக்குப் போகிறது, பார்.

செல்லோ சுவரோரம்தான் இருக்கிறது, அம்மா. எடுத்துக்கொண்டு வா.