குட்டிகள் பின்னால் வரட்டும்

பெருமதிப்பிற்குரிய வேளாண் சங்கத் தலைவர் ஆர்ச்சிபால்ட் லியர்மன்த் அவர்களே! இன்று காலை இனவிருத்திக்கென்றே வளர்க்கும் பொலிகுதிரைகளைத் தட்டிப் பார்த்துத் தடவிப் பார்த்துத் தரம் பிரித்த நடுவர் பெருமகனாரே! ஞாயிறுதோறும் எங்களைத் திருத்தி, திங்கள்தோறும் தோற்றுக்கொண்டிருக்கும் போதகர் ஐயா அவர்களே! ஸ்காட்லாந்தின் மூடுபனியை உதறிவிட்டு, நியூசிலாந்தின் இந்தத் தென்கோடிக்குக் கப்பலேறி வந்து, சதுப்பை வடித்துச் சமவெளியாக்கி, சமவெளியை உழுது சோறாக்கிய பெரியோர்களே! உட்கார நாற்காலி கிடைக்காததால் கொட்டகைக்குப் பின்னே தேநீர்க் கெண்டிகளோடு நின்றுகொண்டிருக்கும் என் அருமைத் தாய்மார்களே! அனைவருக்கும் எல்ஸ்பெத் கில்கிறிஸ்டின் பணிவான வணக்கம்.

இந்த மேடையில் பெண்குரல் ஒலிப்பது இதுதான் முதல் தடவை. தீர்மானத்தை முன்மொழிய வேண்டியவர் என் கணவர் ரானல்ட். முன்வரிசையில், தொப்பியை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். பத்துப் பேர் கூடினால் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "உனக்குத்தான் வாய் நீளம்னு ஊரே சொல்லுது, நீயே போய்ப் பேசு" என்று அனுப்பிவிட்டார். ஊர் சொன்னதை ஏன் பொய்யாக்க வேண்டும்? வந்துவிட்டேன்.

தீர்மானம் சின்னது. பொலிகுதிரைக்கு முதல் பரிசு ரிப்பன் கட்டுவதற்கு முன்னால், அந்தப் பருவத்தில் அதற்குப் பிறந்த குட்டிகள் அதன் பின்னால் இந்தத் திடலுக்குள் நடந்து வரவேண்டும். அவ்வளவே. தலைவர் அவர்கள் இதற்கு எதிராக வாக்களிக்கப்போவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டார். சொல்லலாம், இன்றைய ரிப்பன் அவருடைய குதிரை கிராண்ட் மார்ஷலின் கடிவாளத்தில் அல்லவா தொங்குகிறது!

மார்ஷலைப் பார்த்தீர்களா? கழுத்தா அது, கோயில் தூணா? முதுகா அது, மெத்தை விரித்த கட்டிலா? நடந்தால் நிலம் குலுங்குகிறது. நின்றால் நெஞ்சு நிறைகிறது. நானும் கைதட்டினேன் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் கைதட்டிய கையாலேயே கணக்கும் பார்க்க வேண்டாமா? போன வசந்தத்தில் மார்ஷல் பண்ணை பண்ணையாகப் போய்வந்தது. ஊரிலுள்ள வம்சாவளிப் பெண்குதிரைகளெல்லாம் அதற்கென்றே காத்திருந்தன. இந்த வசந்தத்தில் எத்தனை ஈன்றன? சொல்லுங்கள், யாராவது வாய் திறந்து சொல்லுங்கள்!

நன்றி. எல்லாரும் குனிந்து பூட்ஸைப் பார்க்கிறீர்களே, அதுவே பதில். ஒன்றே ஒன்று, அதுவும் தலைவர் வீட்டிலேயே. "ஒண்ணு பிறந்தாலும் சிங்கக்குட்டி!" என்று மீசையை முறுக்கிக்கொண்டு அவர் வேலி ஓரத்தில் நின்று எல்லாருக்கும் காட்டியதை நாம் அறிவோம். மகிழ்ச்சிதான். ஆனால் சிங்கத்தையா நாளைக்கு ஏரில் பூட்டப்போகிறோம்? இன்று பிறக்காத குட்டி நாளை எப்படிக் கலப்பை இழுக்கும்? இந்தக் களிமண்ணைக் கீறுவது யார்? கோதுமை மூட்டையை ரயிலடிக்குக் கொண்டுபோவது யார்? நீங்களா, நானா, நடுவர் ஐயாவா?

என்ன... பின்வரிசையில் என்ன சத்தம்? "தேநீர் எங்கம்மா?" என்கிறீர்களா? வரும் தம்பி, வரும். தொண்டை காய்வது பேசுகிற எனக்கு. குடிக்கத் துடிப்பது கேட்கிற நீங்களா?

தலைவர் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். உங்களைக் குத்திக்காட்டும் யோக்கியதை எனக்கு இல்லை. ஏனென்றால் மார்ஷலுக்கு முன்பு ரிப்பன் வாங்கிய பொலிகுதிரை எங்கள் வீட்டுக் குதிரைதான். சர் மால்கம்! ஸ்காட்லாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோது வழியெல்லாம் கடல்நோய் கண்டு இளைத்திருந்தது. நம் ஊருக்கு இளைத்த குதிரையைக் கண்டால் பொறுக்குமா? என் கணவர் பார்லியை வேகவைத்தார். வேலையாள் ஆளிவிதைக் கஞ்சி காய்ச்சினான். பக்கத்துப் பண்ணையார் வெல்லப்பாகைக் கொண்டுவந்தார். போதகர் ஐயா, உங்கள் சட்டைப்பையில் புதினா மிட்டாய் ஏன் தீர்ந்துகொண்டே போனது என்று எனக்குத் தெரியும், ஐயா! அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை மறந்து, ஊரே கூடி ஊட்டி வளர்த்தோம். விலா மறைந்தது, முதுகு கொழுத்தது, ரிப்பன் வந்தது. குட்டி மட்டும் வரவில்லை.

சென்ற இடமெல்லாம் வெறுமை. சினை என்று நம்பிய வயிறெல்லாம் வெறும் புல்வயிறு. அப்போது நீங்கள் எல்லாரும் பேசிய பேச்சு எனக்கு மறக்கவில்லை. "கில்கிறிஸ்ட் கப்பல்ல குதிரை வரவழைக்கல, அலமாரி வரவழைச்சிருக்கான்" என்றீர்கள். "துடைச்சு வச்சா கூடத்துக்கு அழகா இருக்கும்" என்றீர்கள். அதைக் கேட்டுக்கொண்டு வந்த ரானல்ட் வீட்டில் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வந்து, "காயடிக்கிறவனுக்குச் சொல்லி அனுப்பிட்டேன்" என்றார்.

குதிரை செய்த குற்றம் என்ன? நாம் ஊட்டியதைத் தின்றதுதானா?

"இங்க பாருங்க ரானல்ட், கத்தியை ஒரு குளிர்காலம் தள்ளி வைங்க. அதை என்கிட்ட விடுங்க" என்றேன்.

"விட்டு? கம்பளி பின்னக் கத்துக்கொடுக்கப் போறியா?"

"ஏர்ல பூட்டப் போறேன்."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "பொலிகுதிரையையா? வம்சாவளி உள்ள பொலிகுதிரையை உழவுக்கா? வெளியில தலைகாட்ட முடியுமாடி என்னால?"

"இப்ப மட்டும் காட்டிக்கிட்டா இருக்கீங்க?"

ஏரில் பூட்டும் கழுத்துப்பட்டையை அவரே எடுத்துக் கொடுத்தார். அந்தக் குளிர்காலம் முழுவதும் சர் மால்கம் உழுதது. முதல் சால் ஓட்டுவதற்குள் மூச்சு வாங்கியது. வரப்பில் நின்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மாமனாரிடம் புகார் சொல்ல வந்த மருமகன் பார்வை! கஞ்சியை நிறுத்தினேன், பாகை நிறுத்தினேன், போதகர் ஐயாவைக்கூட வேலியோடு நிறுத்தினேன். மழையில் நனைந்தது, சேற்றில் நடந்தது, கொழுப்பு கரைந்தது. தசை தெரிந்தது. கண்ணில் ஒளி திரும்பியது.

போன வசந்தத்தில் இதே திடலுக்குக் கொண்டுவந்தோம். கடைசி இடம்! "எலும்புக்கூட்டுக்குக் கம்பளி போர்த்தின மாதிரி இருக்கு" என்று ஒருவர் சொன்னார். பெயர் சொல்லமாட்டேன், அவர் தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்கிற மரியாதைதான் காரணம். ஒருவர்கூடத் தம் பெண்குதிரையை அதனிடம் அனுப்பவில்லை. அந்தப் பருவமும் போனால் கத்திதான் என்று ரானல்ட் மறுபடி சொல்லிவிட்டார். நான் லாயத்து வாசலில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

அப்போதுதான் பால்வண்டிக்காரி ஐசபெல் ரட்டர் வந்தாள். வண்டியை அவிழ்த்துவிட்டுத் தன் பெண்குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, உங்க சர் துரைக்கு வேலை ஒண்ணு கொண்டாந்திருக்கேன்."

"உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"அவரு மார்ஷலைத்தான் கூப்பிடணுங்கிறாரு. மார்ஷல் எங்க வீட்டு வாசல் சந்துல நுழையவே முடியல, அக்கா! எங்க பண்ணைக் கதவைக் கழட்டவா?"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் என் கண்ணீர் காய்ந்தது. ஒருத்தி வந்தாள், அவள் சொல்லி இன்னொருத்தி வந்தாள். தபால் நிலையத்துக்குப் போகிறேன் என்று வந்தாள் ஒருத்தி. முட்டை விற்கப் போகிறேன் என்று வந்தாள் ஒருத்தி. ஆடவர் ஏலச்சந்தைக்குப் போன நாளெல்லாம் எங்கள் சந்தில் குளம்படி கேட்டது. பெண்பிள்ளை பேசுகிற பேச்சா இது என்று புருவத்தை உயர்த்தாதீர்கள். பிரசவம் பார்க்கிறவளுக்குப் பேசத் தெரியாதா?

இப்போது உங்களைக் கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். இந்த வசந்தத்தில் உங்கள் கொல்லை மேய்ச்சலில், வெளியார் கண்ணில் படாத மூலையில், ஒரு குட்டி துள்ளுகிறதா இல்லையா? கடைசி இடத்துக் குதிரைக்குப் பிறந்தது என்று சொல்ல வெட்கப்பட்டு, வேலிக்கு இந்தப்பக்கம் கொண்டுவராமல் வைத்திருக்கிறீர்களா இல்லையா? உங்கள் வீட்டில் ஒன்று என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த வீட்டில்? அதற்கடுத்த வீட்டில்? இந்த மாவட்டத்தில் மானத்துக்கு அஞ்சி வாரிசை ஒளித்து வைத்த ஒரே இனம் நாம்தான் ஐயா!

மறுபடியும் தேநீரா? சரி, இனியும் மறைத்துப் பயனில்லை. கெண்டிகளுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. நான் பேசத் தொடங்கியபோதே தாய்மார்கள் புறப்பட்டுவிட்டார்கள். ரானல்ட், எழுந்து போய்த் திடலின் கதவைத் திறந்துவிடுங்கள்.

பாருங்கள்! முன்னால் வருகிறது சர் மால்கம், மெலிந்த விலாவும் நிமிர்ந்த தலையுமாக. பின்னால் ஐசபெல், அவள் பால்வண்டிக் குதிரை, அதன் அருகே கால் முழுக்க வெள்ளை முடியோடு ஒரு குட்டி. அதற்குப் பின்னால் இன்னொன்று. இன்னொன்று. கதவுக்கு அப்பால் இன்னும் வரிசை முடியவில்லை. எண்ணாதீர்கள், கண்ணாரப் பாருங்கள்! நாளைய ஏர் இங்கே நடக்கிறது! நாளைய அறுவடை இங்கே துள்ளுகிறது! நாளைய நம் பிள்ளைகளின் சோறு, இதோ, தாய்மடி தேடி முட்டுகிறது!

அந்தக் கடைசிக் குதிரையைப் பிடித்து வருவது யார்? தலைவர் அவர்களே, தங்கள் துணைவியார்தான். பிறந்தகத்திலிருந்து தாம் கொண்டுவந்த குதிரையை, நீங்கள் டனீடன் பட்டணத்துக்குப் போயிருந்த வாரம், எங்கள் சந்துக்கு ஓட்டிவந்தார்கள். பக்கத்தில் வருவது உங்கள் சிங்கக்குட்டி.

சிரிக்காதீர்கள், ஐயா, சிரிக்காதீர்கள். அவர் எழுந்து நிற்கிறார். மேடை விட்டு இறங்குகிறார். குட்டியின் நெற்றியைத் தடவுகிறார், மனைவியிடம் என்னவோ கேட்கிறார், அம்மையார் சொன்னது இங்கேகூடக் கேட்டது: "கேட்டா விட்டிருப்பீங்களா?" அவர் தலையாட்டிச் சிரிக்கிறார். வேலிக்காலில் கட்டியிருக்கும் மார்ஷலிடம் போகிறார். கடிவாளத்திலிருந்து ரிப்பனை அவிழ்க்கிறார். திரும்பி நின்று, அந்த ரிப்பனோடு கையை உயர்த்துகிறார்.

தீர்மானத்துக்கு முதல் கை அது. மற்றக் கைகளைப் பார்க்க எனக்குப் பொறுமை இருக்கிறது. இதோ, உயர்கின்றன. வாய்ப்பளித்த சங்கத்துக்கும், வாய் திறக்கவைத்த ரானல்டுக்கும், குதிரை பிடித்து வந்த தாய்மார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கைதூக்கிய பெரியோர்கள் அப்படியே எழுந்து போய்க் கெண்டியையும் தூக்கி, இன்று ஒருநாள் அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுங்கள்.

போதகர் ஐயா, நீங்கள் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். மார்ஷல் பக்கம் போகாதீர்கள், உங்கள் பையில் மிட்டாய் இருக்கிறது. மார்ஷலுக்கு நாளைக் காலை எங்கள் வயலில் ஏர் காத்திருக்கிறது. வணக்கம்.