ரகசிய விமானத்துக்கு இரண்டாம் சாட்சி

— ரெண்டு கண்ணுக்கும் சேர்த்து எண்ணூத்தம்பது, மாப்பிள்ளை. ஒரு கண்ணுக்கு மட்டும்னா அறுநூறு. பாதி விலை ஆகாது, ஃபிரேம் ஒண்ணுதானே.

— அறுநூறே போடுங்க அத்தான். இடது பக்கம் மட்டும்தான் மங்கல். போன தடவை மாத்துன லென்ஸ் எட்டு வாரம்கூடத் தாங்கல.

— லென்ஸ் கெட்டுப்போகாதுப்பா. வேலை முடிஞ்சா நேரா மொட்டை மாடில ஏறி அந்த விமானத்துக்குத் தவம் கிடக்கிற. கண்ணு என்ன கல்லா?

— எப்படியோ இந்தத் தடவை கச்சிதமா இருக்கணும். அடுத்த மாசம் பஸ் டிப்போவுல கண் பரிசோதனை. முந்தாநாள் பதிமூணாம் நம்பர் வண்டியைப் பதினெட்டுன்னு எழுதிட்டேன். டிரைவர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுறான், ‘பாருங்கடா, மேல போறது எல்லாம் இவனுக்குத் தெரியும், முன்னாடி நிக்கிறது தெரியாது’ன்னு.

— அதுவும் நியாயம்தான். பேச்சுக்குச் சொல்றேன்.

— சிரிங்க. இன்னைக்கும் ஒண்ணு பதிவாகியிருக்கு. நோட்டு கொண்டு வந்திருக்கேன், சாட்சிக் கையெழுத்து வேணும்.

— எத்தனாவது?

— முப்பத்தொம்பது.

— அந்த விமானத்தைச் செஞ்சவன்கூட இத்தனை தடவை பார்த்திருக்க மாட்டான். வை அங்க, உங்க அக்கா பில் எழுதி முடிக்கட்டும்.

— அக்கா பில் எழுதி முடிச்சாச்சு. ஏன்டா தம்பி, எங்க யார் காதுலயும் விழாத விமானம் உனக்கு மட்டும் எப்படிக் கிடைக்குது?

— அது சத்தத்தைவிட அஞ்சு மடங்கு வேகம், அக்கா. சத்தம் கிளம்புறதுக்குள்ள அது எல்லையே தாண்டியிருக்கும். அதனாலதான் ரகசியம்.

— பின்னாடியாவது சத்தம் வரணுமே.

— இவன் டிப்போ வண்டில ஏறி வருது போலிருக்கு. நாளன்னைக்கு வந்து சேரும்.

— நீங்க சும்மா இருங்க, நான் அவன்கிட்ட கேட்கிறேன். சனிக்கிழமை சனிக்கிழமை நம்ம மொட்டை மாடில இருபது பேர் தொலைநோக்கியோட ஏறுறாங்க. கொக்கு பார்க்கிறாங்க, காத்தாடி பார்க்கிறாங்க. இதை ஒருத்தரும் பார்க்கலையே தம்பி.

— எல்லாராலயும் முடியாது. ஆனா நான் ஒண்டியா பார்க்கல. அத்தான் பார்த்திருக்காரு. பதினாறு வருஷமா டைம்கீப்பரா இருக்கேன், அக்கா. டிரைவர் கையெழுத்து இல்லேன்னா வண்டி வாசல்ல நின்னாலும் வரலைன்னுதான் கணக்கு. அதே முறைதான் இதுக்கும். நான் மட்டும் பார்த்திருந்தா, கண்ணுல ஏதோ கோளாறுன்னு முதல் வாரமே டாக்டர்கிட்ட ஓடியிருப்பேன். ரெண்டாவது ஆள் கையெழுத்து இருக்கிறதாலதான் தைரியமா இருக்கேன்.

— அப்படியா. அது எப்படி இருக்கும்னு எனக்குச் சொல்லு.

— வெள்ளையா ஒரு கீறல். வில்லு மாதிரி வளைஞ்சு, கண் இமைக்கிற நேரம்தான். எப்பவும் ஓரத்துலதான் வரும். திரும்பிப் பார்த்தா இருக்காது. அது போன பிறகு கறுப்பாத் துகள் மிதக்கும். எரிபொருள் கரி.

— எங்க மிதக்கும்? வானத்துலயா?

— வானத்துல, சுவத்துல, இப்போ உன் பில் புக்கு மேலகூட. லேசுல போகாது. ஏதோ புது கெமிக்கல்.

— இந்தாம்மா, வக்கீல் மாதிரி நோண்டாத. வாடிக்கையாளர் வர்ற நேரம்.

— வந்தா நிக்கட்டும். மங்கல்னு சொன்னியே தம்பி, எப்படி மங்கல்?

— கீழேருந்து சாம்பல் நிறத்துல திரை ஏறுற மாதிரி. நாலு நாளாத்தான். பழைய லென்ஸ்ல பூச்சு உரிஞ்சிருக்கும்னு அத்தான் சொன்னாரு.

— என்னங்க, இந்தப் பலகை ஞாபகம் இருக்கா? ஒட்டடை அடிக்க அலமாரியை நகர்த்தினேன். பின்னாடி சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு, தப்பு பண்ணின பிள்ளை மாதிரி.

— ஆணி விழுந்துடுச்சு. மாட்டணும் மாட்டணும்னு இருந்தேன்.

— ஆணி அதே இடத்துலதான் இருக்கு. காலண்டர் தொங்குது அதுல. தம்பி, இதைப் படி.

— எழுத்து பொடிசா இருக்கு. நீ படி.

— பொடிசா? எட்டடி தள்ளி நிக்கிறவங்க படிக்கிறதுக்கு எழுதினது. கேளு. ‘பார்வையின் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறதா? கறுப்புத் துகள்கள் மிதக்கின்றனவா? திரை விழுந்தது போல் மறைக்கிறதா? கண்ணாடி கேட்காதீர்கள். இன்றே கண் மருத்துவமனைக்குப் போங்கள்.’ வியாழக்கிழமை வர்ற டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது. இவர்தான் பெயிண்டரைக் கூப்பிட்டு எழுத வச்சாரு.

— அது வயசானவங்களுக்கு எழுதினது மாப்பிள்ளை.

— கண்ணை மூடுடா.

— எதுக்கு அக்கா?

— ரெண்டையும் மூடு. மூடிக்கிட்டே முழியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேகமா உருட்டு. என்ன தெரியுது?

— கீறல்.

— விமானம் இமைக்குள்ள எப்படிடா பறக்கும்?

— அத்தான். நீங்களும்தானே பார்த்தீங்க?

— நீ கை காட்டின பக்கம் பார்த்தேன்ல.

— பதினேழாம் பதிவு. மார்ச் பத்தொம்பதாம் தேதி, சாயங்காலம் ஆறு நாப்பது. ‘வெள்ளைக் கோடு, மிகத் தெளிவாகக் கண்டேன்’. உங்க கையெழுத்து. மாடித் தண்ணித் தொட்டிகிட்ட நின்னு பார்த்ததாச் சொன்னீங்க.

— பத்தொம்பதாம் தேதி எனக்குக் கடவாய்ப் பல் பிடுங்கின நாள் தம்பி. ஆறு நாப்பதுக்கு இவர் பல் டாக்டர் வாசல்ல பெஞ்சுல உட்கார்ந்து தூங்கிட்டிருந்தாரு. மிகத் தெளிவாக் குறட்டை விட்டாரு.

— ஏன் அத்தான்?

— முதல் தடவை விளையாட்டுக்குப் போட்டேன்பா. கடையில நாலு பேர் இருந்தாங்க. நீ கண்ணை விரிச்சுக்கிட்டு வந்து சொன்ன, நான் ‘ஆமா, நானும் பார்த்தேன்’னேன். நீ திரும்பினதும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ரெண்டாவது தடவை, ஒருத்தர் நிஜமாவே நம்பித் தொலைநோக்கி கேட்டாரு. பத்து வருஷம் தூசி தின்னுக்கிட்டுக் கிடந்த சாமான், அன்னைக்கே வித்துப்போச்சு. அப்புறம் பத்திரிகைக்காரன் வந்தான், மொட்டை மாடி நிறைஞ்சது. உன் விமானம் பறக்கப் பறக்க என் கடையும் பறந்துச்சு. பேச்சுக்குச் சொல்றேன்.

— கோளாறுன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?

— அஞ்சாவது தடவை. துகள் மிதக்குதுன்னு சொன்னியே, அன்னைக்கு. இருபத்திரெண்டு வருஷமா கண்ணாடி விக்கிறேன், தெரியாமப் போகுமா.

— அன்னைக்குத்தான் பலகையைக் கழட்டினீங்களா?

— மறுநாள்.

— எட்டு மாசம் அத்தான்.

— சொல்லணும்னுதான் இருந்தேன். ஒரு மாசம் தள்ளிப்போச்சு. அப்புறம் சொன்னா, ‘ஏன் போன மாசமே சொல்லல’ன்னு கேட்பீங்க. ரெண்டு மாசம் கழிச்சு அந்தக் கேள்வி இன்னும் பெருசாச்சு. நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு வாயைத் திறக்கிறது?

— நடுவுல மூணு தடவை லென்ஸ் மாத்தினீங்க.

— நீ கேட்ட, கொடுத்தேன். அதுவும் அடக்க விலைக்கு. உங்க அக்காகிட்டயே கேளு.

— வாயை மூடுங்க. தம்பி, வலது கண்ணைப் பொத்து. என் கையில எத்தனை விரல்?

— கை ஆடுதுன்னு தெரியுது.

— எத்தனைன்னு கேட்டேன்.

— எண்ண முடியல அக்கா.

— எழுந்திரு. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக்கிட்டே போவோம். நீங்க கூட வர வேணாம். இந்தப் பலகையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு வாசல்ல நில்லுங்க.

— ஆத்திரத்துல பேசுற. பேசு, பரவாயில்ல. மாப்பிள்ளை, நீ மனசை விட்டுடாத. டாக்டருங்க பார்த்துப்பாங்க. அப்படியே இடது போனாலும் வலது இருக்கு. ஒத்தைக் கண்ணோட எத்தனை பேரு குடும்பம் நடத்துறாங்க. டைம்கீப்பர் உத்தியோகத்துக்கு ஒரு கண்ணே தாராளம்.

— எங்க டிப்போ நோட்டுல ரெண்டு பத்தி இருக்கும் அத்தான். போன வண்டி, திரும்பின வண்டி. ரெண்டும் சரியா இருந்தாத்தான் வீட்டுக்குப் போக முடியும்.

— இப்போ எதுக்குடா அந்தக் கதை? செருப்பைப் போடு.

— இரு அக்கா. எட்டு மாசமா விமானம் ஒரே பக்கமாத்தான் போச்சு. போற வண்டி எந்த வழியாத் திரும்புதுன்னு புரியாம மண்டையை உடைச்சுக்கிட்டேன். இன்னைக்குக் காலைலதான் விடை கிடைச்சுச்சு. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. ‘திரும்பியது’ன்னு முதல் தடவையா எழுதினேன்.

— எந்தப் பக்கமா வந்துச்சு? தம்பி, என்னைப் பாரு. எந்தப் பக்கமா?

— போனது முப்பத்தெட்டு, எல்லாம் இடது. திரும்பினது ஒண்ணு, வலது. முப்பத்தெட்டுக்குக் கையெழுத்து இருக்கு, ஒண்ணு பாக்கி. பேனா இந்தாங்க அத்தான்.