ஐயா வரும்வரை காத்திராத சபை

(புதுச்சேரியில் 2007 பிப்ரவரியில், திரு. லுயீஸ் கலியபெருமாள் அவர்களுக்காக நடந்த இரங்கல் கூட்டத்தில் மெதடிஸ்ட் சபைப் போதகர் ஆற்றிய உரை)

மேடையில் அமர்ந்திருக்கும் மாவட்டக் கண்காணிப்பாளர் ஐயா அவர்களே, எங்கள் துக்கத்தைத் தன் துக்கமாக நினைத்து வந்திருக்கும் பக்கத்துக் கோயில் சாமியார் அவர்களே, மார்பில் பதக்கம் குத்திக்கொண்டு முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பழைய பட்டாளத் தோழர்களே, அவர்களுக்கு நடுவில் கண்ணீரையும் அடக்கிக்கொண்டு, நான் எவ்வளவு நேரம் பேசுவேனோ என்ற கவலையையும் அடக்கிக்கொண்டு இருக்கிற எங்கள் ஏலிஸ் அம்மா அவர்களே, அன்பான சபையாரே, உங்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரமும் வணக்கமும்.

கவலைப்படாதீர்கள் அம்மா. நான் பிரசங்கத்தை நீட்டும்போதெல்லாம் உங்கள் வீட்டுக்காரர் இரண்டாவது பெஞ்சில் இருந்து தொண்டையைச் செருமுவார். ஊருக்கெல்லாம் அது வெறும் செருமல். எனக்கு மட்டும் அது உத்தரவு. அந்தச் செருமல் இனி வராது என்று தெரிந்தே இன்று பேசுகிறேன். எங்கே நிறுத்துவது என்று நானேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓர் இரங்கல் கூட்டத்தில் போதகர் சொல்லக்கூடாத ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துக்கம் இருக்கிறது. நேற்று அந்த இரண்டாவது பெஞ்சைப் பார்த்தபோது என்னால் பாட்டைத் தொடங்க முடியவில்லை. ஆனால் துக்கத்தைவிட அதிகமாக எனக்குள் இருப்பது நிம்மதி. என்ன இது, சபையின் தூண் சாய்ந்து கிடக்கிறது, இவர் நிம்மதி என்கிறாரே என்று நீங்கள் நினைக்கலாம். ஏன் நிம்மதி? அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

திரு. லுயீஸ் கலியபெருமாள். நம் சபையின் லே லீடர், அதாவது போதகருக்கு அடுத்து சபையாருக்குத் தலைவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கி வந்தவர் என்பதால் நமக்கெல்லாம் அவர் சொல்தா ஐயா, சிப்பாய் ஐயா. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார், ஏலிஸ் அம்மாவைக் கட்டினார், மெதடிஸ்ட் ஆனார். அது மனமாற்றமா, வீட்டு அமைதிக்காகவா என்று ஒருமுறை கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான் ஐயா" என்றார். நாம் லெந்து என்று சொல்லும் தவக்காலத்தைக் கடைசிவரை அவர் கரேம் என்றுதான் சொன்னார். பட்டாளத்துப் பிரெஞ்சில் பாதி மறந்துபோயும் அந்த வார்த்தையை மட்டும் விடவில்லை.

அவர் என்ன செய்தார் என்று புரிய வேண்டுமானால், அவருக்கு முன் நம் சபை எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். குழந்தைக்குப் பெயர் வைக்கப் போதகர் ஐயா வர வேண்டும். புது ஸ்கூட்டருக்கு ஜெபிக்க ஐயா. பரீட்சை ஹால் டிக்கெட்டின் மேல் கை வைக்க ஐயா. வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை என்றாலும் ஐயா. அந்த ஐயாவோ ஒரே ஆள். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் சேர்த்து ஒரே ஆள். எனக்குப் பாதி ஊழியம் பஸ்ஸில்தான் நடந்தது. போன் அடித்தாலே எனக்குப் பயம். யாருக்கு என்னவோ, நான் போய்ச் சேர்வதற்குள் என்ன ஆகுமோ என்று. இந்தப் பயம் உங்களில் யாருக்கும் தெரியாது. சொல்தா ஐயாவுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு வருஷம் முன்பு மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்ததே, நினைவிருக்கிறதா? உடனே ஆபரேஷன் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நம் சபையார் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நான் கடலூரில் இருந்து வரும் பஸ்ஸில் அரியாங்குப்பம் பாலத்துக்கு முன்னால் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். வண்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. லாஸ்பேட்டையில் இருந்து வந்திருந்த நம் ராஜாங்கம், அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், அவரிடம் அப்போதுதான் புது செல்போன் இருந்தது. என் செல்போனுக்குக் கூப்பிட்டார்.

"ஐயா, உள்ள கூட்டிக்கிட்டுப் போகப் போறாங்க. ஸ்பீக்கர்ல போடுறேன், நீங்க ஜெபம் பண்ணுங்க."

அங்கே நின்றவர்கள் யார்? ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டில் இருந்து கடைசி ஆமென் வரை தவறாதவர்கள். வேதாகமத்தைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவர்கள். ஆனால் ஒரு மனிதன் ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும்போது அவன் தலைமேல் கை வைத்து நாலு வார்த்தை ஜெபிக்க அவர்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அது ஐயாவின் வேலை. ஆகவே நான் பஸ்ஸில் எழுந்து நின்று, ஹாரன் சத்தத்துக்கு மேல் கத்தி ஜெபித்தேன். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் சில்லறை கேட்டார். பாதி ஜெபத்தில் லைன் அறுந்துபோனது.

அந்தப் பக்கம் நடந்ததைப் பிறகு ஏலிஸ் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். லைன் போனது யாருக்கும் தெரியவில்லை. ஐயா மௌன ஜெபம் செய்கிறார் என்று நினைத்து எல்லாரும் கண்ணை மூடியபடியே நின்றார்களாம். ராஜாங்கம் போனை நோயாளியின் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி அசையாமல் நின்றாராம். ஸ்ட்ரெச்சரில் இருந்தவர்தான் முதலில் கண்ணைத் திறந்தார்.

"ராஜாங்கம், லைன் போயிடுச்சுப்பா. யாராவது ஒருத்தர் முடிச்சு வையுங்க. என்னைத் தள்ளிக்கிட்டுப் போறாங்க."

யாரும் முடித்து வைக்கவில்லை. தள்ளிக்கொண்டு போகும்போது சொல்தா ஐயா தனக்கான ஜெபத்துக்குத் தானே ஆமென் சொல்லிக்கொண்டு ஆபரேஷன் அறைக்குள் போனார். சபையாரே, இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். ராஜாங்கமும் சிரிக்கிறார். சிரியுங்கள், அவரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்தான். ஆனால் அன்றைக்கு நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

கர்த்தர் அவரைத் திருப்பிக் கொடுத்தார். கொஞ்சம் நடக்க ஆரம்பித்ததும் நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, ஆபரேஷனுக்குக்கூட நான் பயப்படல. நம்ம சபையை நெனச்சுத்தான் பயந்தேன். நீங்க பஸ்ல மாட்டிக்கிட்டா சபையே ஊமையாயிடுது. பட்டாளத்துல இப்படி இருந்தா ஒரு நாள் தாங்க மாட்டோம்."

என்ன செய்யலாம் என்று கேட்டேன். பதிலைத் தயாராக வைத்திருந்தார்.

"கரேம் வருது. வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டத்துக்கு நீங்க வரக்கூடாது. ஞாயிறு உங்களுது. வெள்ளி எங்களுது."

லெந்து காலத்து வீட்டுக் கூட்டத்துக்குப் போதகர் வரக்கூடாதாம்! எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றதுதான். ஆனால் அது கடல் ஊருக்குள் வந்துபோன வருஷம். சுனாமி முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தேங்காய்த்திட்டுப் பக்கம் போனால் எந்த வாசலிலும் நின்று ஜெபிக்க வேண்டிய நிலைமை. நான் ஒருவன் எத்தனை வாசலில் நிற்பேன்? சரி என்றேன்.

முதல் வெள்ளி, மூலக்குளத்தில் ராஜாம்பாள் அம்மா வீடு. லெந்து வீட்டுக் கூட்டம் என்றால் நம் ஊரில் என்ன? ஐயா வருவார், பேசுவார், ஜெபிப்பார், டிபன் சாப்பிடுவார். ராஜாம்பாள் அம்மா பஜ்ஜி மாவைக் கரைத்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். ஸ்கூட்டரில் இருந்து இறங்கியது சொல்தா ஐயாவும் ராஜாங்கமும்.

"ஐயா வரலையா?"

"வரல. இன்னிக்கு ராஜாங்கம்தான் ஜெபம்."

ராஜாம்பாள் அம்மா என்ன செய்தார் தெரியுமா? உள்ளே போய் மாவை எடுத்து ஃப்ரிஜ்ஜில் வைத்துவிட்டார். இல்லை என்று தலையாட்டாதீர்கள் அம்மா, நீங்களே என்னிடம் சொன்னதுதான்.

ராஜாங்கம் எழுந்து நின்றார். வேர்த்துக் கொட்டுகிறது. அவருக்குத் தெரிந்த மரியாதையான தமிழ் எது? அலுவலகத் தமிழ். "அன்புள்ள ஆண்டவரே, இவ்வீட்டாரின் வேண்டுதல்களைக் கனிவுடன் பரிசீலித்து ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன், ஆமென்" என்றார். சொல்தா ஐயா, "நல்லா இருந்துச்சுப்பா. மேல வெளங்கியிருக்கும்" என்றார். ராஜாம்பாள் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடினார். சிரித்துக்கொண்டே மாவையும் வெளியே எடுத்துவிட்டார். அந்த இரவு பஜ்ஜி சாப்பிட்டவர் ராஜாங்கம்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த வாரம் இன்னொருவர், அதற்கடுத்த வாரம் இன்னொருவர். தடுமாறினார்கள், அழுதார்கள், பாதியில் நின்றார்கள், ஆனால் ஜெபித்தார்கள். வீட்டுக் கூட்டத்தோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு இரண்டு பேராகப் போனார்கள். படுக்கையில் கிடப்பவர்கள் வீட்டுக்குப் போனார்கள். சொல்தா ஐயா அவர்களுக்கு வைத்தது ஒரே ஒரு சட்டம். ஜெபிப்பதற்கு முன்னால் என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும்.

ஏன் அந்தச் சட்டம்? அவரே எனக்குச் சொன்னார். "நீங்க அன்னிக்கு போன்ல என் நெஞ்சுக்காக ஜெபிச்சீங்க ஐயா. நெஞ்சுக்கு டாக்டர் இருக்கார். ஏலிஸ் வராந்தாவுல தனியா நிக்கிறா, அதுதான் எனக்குக் கவலை. யாரும் என்னைக் கேக்கலையே."

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கே நம் ஆயம்மா பாட்டி வீட்டுக்கு அவர்களோடு ஒருநாள் போனபோதுதான் விளங்கியது. எல்லாரும் ஆயம்மாவின் மூட்டுவலிக்காக ஜெபிக்கக் கண்ணை மூடிவிட்டார்கள். சொல்தா ஐயா நிறுத்தினார். "கேட்டீங்களா?" கேட்டார்கள். ஆயம்மா சொன்னார்: "காலு கெடக்குது போ. பாரீஸ் போன புள்ள போன் பண்றதே இல்ல. அவன் நல்லா இருக்கானான்னு மட்டும் தெரியணும்." எத்தனை வருஷமாக நான் அந்த வீட்டுக்குப் போய் மூட்டுக்கு ஜெபித்துவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்திருக்கிறேன் தெரியுமா?

இப்போது கடைசிக்கு வருகிறேன்.

இந்த முறை டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். வீட்டிலேயே இருக்கட்டும் என்று கூட்டி வந்துவிட்டோம். போன வெள்ளிக்கிழமை காலை நான் பார்த்துப் பேசிவிட்டுத்தான் கடலூருக்கு ஓர் அடக்கத்துக்குப் போனேன். மத்தியானம் ரொம்ப முடியவில்லை என்று ஏலிஸ் அம்மா சொல்லி அனுப்பினார்கள். கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். எங்கே மாட்டியது என்று நான் சொல்ல வேண்டுமா? அதே அரியாங்குப்பம் பாலம். அதே நெரிசல். சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போன் அடித்தது. ராஜாங்கம்.

இரண்டு வருஷம் முன்பு போலவே எழுந்து நின்றேன். ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. "எங்கள் பரம பிதாவே" என்று ஆரம்பித்துவிட்டேன்.

"ஐயா, ஐயா, இருங்க" என்றார் ராஜாங்கம். "ஜெபம் பண்ணியாச்சு ஐயா."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"என்ன வேணும்னு கேட்டேன் ஐயா. 'ஐயா பஸ்ல வந்துக்கிட்டிருப்பார். நேரத்துக்கு வந்து சேர முடியலையேன்னு மனசு ஒடஞ்சுடுவார். அவருக்காகப் பண்ணு'ன்னார். உங்களுக்காகத்தான் பண்ணேன் ஐயா. ராஜாம்பாள் அம்மா, ஆயம்மா, எல்லாரும் இருந்தோம். முடிச்சதும் அவர் ஆமென் சொன்னார். நாங்களும் சேர்ந்து சொன்னோம்."

"இப்ப எப்படி இருக்கார்?" என்றேன்.

"போயிட்டார் ஐயா. ஏலிஸ் அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டே போயிட்டார். நீங்க மெதுவா வாங்க."

நீங்க மெதுவா வாங்க. சபையாரே, நான் போதகனாகி இத்தனை வருஷத்தில் ஒருவரும் என்னிடம் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சீக்கிரம் வாங்க ஐயா, ஓடி வாங்க ஐயா, எங்கே இருக்கீங்க ஐயா, இதைத்தான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த பஸ்ஸில் நான் உட்கார்ந்தேன். அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் தண்ணீர் கொடுத்தார். ஆனால் அழும்போதே என் தோளில் இருந்து என்னவோ இறங்கியது. முதல் தடவை அவர் தனியாக ஆமென் சொல்லிக்கொண்டு உள்ளே போனார். இந்தத் தடவை அவரைத் தனியாகச் சொல்ல நீங்கள் விடவில்லை. எனக்கு ஏன் நிம்மதி என்று கேட்டீர்களே, இதனால்தான்.

வருகிற புதன், சாம்பல் புதன். சொல்தா ஐயா கணக்கில் கரேம் தொடக்கம். இந்த லெந்து முழுக்க வெள்ளிக்கிழமைகள் உங்களுடையவை. அதில் நான் தலையிடப் போவதில்லை. கண்காணிப்பாளர் ஐயா முன்னிலையில் இதை வாக்காகச் சொல்கிறேன். நாளைக்கே என்னை வேறு ஊருக்கு மாற்றினாலும், எனக்கு அடுத்து வருபவரிடமும் இதைத்தான் சொல்லிவிட்டுப் போவேன். நீங்களும் ஒரு வாக்குக் கொடுங்கள். இந்தச் சபையில் யாரும், எந்தப் படுக்கையிலும், இனி ஐயாவுக்காகக் காத்துக் கிடக்கக் கூடாது. புதன்கிழமை ஆராதனையில் முதல் ஜெபம் உங்களில் ஒருவர் செய்வார். நான் அந்த இரண்டாவது பெஞ்சில் உட்காருவேன். நீட்டினால் செருமுவேன்.

கூட்டத்தைப் போதகர் ஜெபித்து முடிப்பதுதான் வழக்கம். இன்றைக்கு அதையும் நான் செய்யவில்லை. ராஜாங்கம், எழுந்து வாருங்கள். போன் வேண்டாம், அதைப் பையிலேயே வையுங்கள். முதலில் ஏலிஸ் அம்மாவிடம் போய், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்.