தோற்றுப்போன நீலச் சட்டைக்காரர்கள்

பள்ளத்தூரில் பஸ் ஏறி உட்கார்ந்ததுமே, முன் சீட்டு அம்மாள் சொன்னது காதில் விழுந்தது.

“ஐஸுக்கட்டி மேல ஆடிப் பல்லு ஒடஞ்சவனுக்கெல்லாம் புஸ்தகமா?”

விளையாட்டுப் புத்தகம் என்றால் எனக்கு உயிர். எட்டிப் பார்த்தேன். அவள் கணவர் மடியில் விரிந்திருந்தது.

“ஐஸ் ஹாக்கி டீமு, அந்தோணியம்மா. கனடாவுல இதுதான் பேச்சாம். மகன் அனுப்புனதப் படிக்க வேணாமா?” என்றார், அலுப்போடு.

“உள்ள லெட்டர் இருக்கா பாத்தீகளா?”

“மூணு தரம் ஒதறியாச்சு.”

“நீங்களாச்சும் ரெண்டு வரி எழுதலாம்ல?”

“அவன் லெட்டர் போட்டு ஏழு மாசமாச்சு. அவன் எழுதட்டும் மொதல்ல. இந்தா, இந்த ஆட்டக்காரனுக்கு எத்தனை பிள்ளைன்னுகூடப் போட்டிருக்கு. நம்ம பய சாப்பிட்டானான்னு தெரியல.”

அம்மாள் புத்தகத்திலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுல நம்ம பிள்ள இருக்குற ஊரு டீமு எது?”

“நீலச் சட்டை. கடைசி ஆட்டத்துல தோத்துட்டானுக.”

“அப்பப் பிள்ள வருத்தமாத்தான இருப்பான்? துக்கத்த நாமதானங்க போயிக் கேக்கணும்.”

அவர் காரைக்குடி நெருங்கியதும் புத்தகத்தை மூடினார்.

“கண்டக்டர் தம்பி, போஸ்டாபீஸுக்கிட்ட நிப்பாட்டுவீகளா?”