மார்லிஸ் டோலஃப்சனுக்கும், விதிப்படி ஜீன் ராடமேக்கருக்கும்

விஸ்கான்சின் மாநிலம், ஆல்டர் மாவட்ட வாக்காளர் கல்வி அறக்கட்டளையின் நன்கொடைப் பிரிவை இருபத்தாறு ஆண்டுகள் நடத்தி, சென்ற திங்கட்கிழமை மாலையோடு ஓய்வுபெற்ற திருமதி மார்லிஸ் டோலஃப்சன் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் நெஞ்சம் பதறி, நா உலர்ந்து, இன்னும் நம்ப முடியாமல் வாசித்து வழங்கும் மடல்.

கட்சி கடந்த கண்ணியமே! கொடையாளர் கதவுகளைத் தட்டித் தட்டிக் கை சிவந்த கருணையே! சாயாத தராசே! சலியாத சகோதரியே!

திரு. ஜீன் ராடமேக்கர் அவர்களே! நீங்களும் கண்ணியமே, நீங்களும் கருணையே, நீங்களும் தராசே. சகோதரி என்ற இடத்தில் சகோதரர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கு நடக்கும் பிரிவு உபசார விழாவில் இன்னொருவருக்கு என்ன வேலை என்று சபையோர் விழிப்பது தெரிகிறது. விழியுங்கள். நாங்கள் செவ்வாய்க்கிழமையிலிருந்து இப்படித்தான் விழித்துக்கொண்டிருக்கிறோம்.

அன்று மாலை மனுத்தாக்கல் நேரம் முடிந்ததும், எங்கள் வாக்காளர் கையேட்டின் ஆசிரியர் பா ஹுவா வாங் வழக்கம்போல வேட்பாளர் பட்டியலைத் திறந்தார். பட்டியலில் உள்ள எல்லோருக்கும் ஒரே கேள்விகளை அனுப்பி, பதில்களை அருகருகே அச்சிடுவது அவர் பொறுப்பு. இங்கே மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் பதவிக்கு எப்போதும் ஒரே பெயர்தான் இருக்கும். அந்தப் பக்கத்தில் பாதி வெறுமையாகவே போகும். இம்முறை இரண்டு பெயர்கள். முதலாவது, இப்போது துணை அலுவலராக இருக்கும் ஜீன். இரண்டாவது, அம்மணி, நீங்கள்! பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்சி வேறு!

வேறு ஏதோ மார்லிஸ் டோலஃப்சனாக இருக்கும் என்று பா ஹுவா முதலில் தம்மைத்தாமே தேற்றிக்கொண்டார். பிறகு முகவரியைப் பார்த்தார். போன வெள்ளிக்கிழமை மீன் வறுவலும் உருளைக்கிழங்குக் கூட்டும் அவர் சாப்பிட்ட வீட்டின் முகவரி அது. எழுந்து நின்றவருக்குத் திரும்ப உட்கார நாற்காலி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

எந்தக் கட்சி என்பதை இந்த மடல் சொல்லாது. இத்தனை ஆண்டுகளாக உங்கள் பேச்சிலும் நடையிலும், நீங்கள் சிரித்த நகைச்சுவையிலும் சிரிக்காத நகைச்சுவையிலும் அதைத் துப்பறிந்து தோற்றவர்கள் நாங்கள். அன்று எங்களில் பாதிப் பேர் 'நான் அப்பவே சொன்னேன்' என்றார்கள். மீதிப் பேருக்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை.

ஜீன் அவர்களே, எங்களைவிட அதிகம் ஆடிப்போனவர் நீங்கள்தான் என்று கேள்விப்பட்டோம். மனுவைக் கையில் வாங்கி முத்திரை குத்தியவரே நீங்கள்தானாமே! "யாருக்காகக் கொண்டு வந்திருக்கீங்கன்னு கேட்டேன். 'எனக்குத்தான் ஜீன்'னாங்க. எனக்குக் கை ஓடல. அவங்கதான் முத்திரைய எடுத்து என் பக்கம் நகத்தி வச்சாங்க" என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னபோது, சிரிப்பதா அழுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. உங்களை எதிர்த்து நிற்க வந்தவரின் மனுவை ஒரு குறையும் காணாமல் ஏற்றுக்கொண்டீர்கள். இது பாராட்டு அல்ல, தகவல்.

மார்லிஸ் அவர்களே, மறுநாள் உங்களைப் பிடித்துக் கேட்டோம். ஏன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கோபமாகவே கேட்டோம். சொல்லியிருந்தால் அலுவலகமே உங்களுக்கு உடந்தை ஆகியிருக்கும் என்றீர்கள். அதனால்தான் ஓய்வு நாளையே மனுவுக்கு முந்திய திங்கட்கிழமையாக வைத்துக்கொண்டதாகச் சொன்னீர்கள். பிறகு இந்தப் பதில்: "ஊரெல்லாம் போயி 'தேர்தல்ல நில்லுங்க, நில்லுங்க'ன்னேன். அந்தப் பதவிக்கு ஜீன விட்டா ஒருத்தரும் வரல. ஒத்த ஆள வச்சுக்கிட்டு அதுக்குத் தேர்தல்னு பேரு வைக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு."

சரி. ஆனால் எங்கள் கதியை எண்ணிப் பார்த்தீர்களா?

இவ்விழாவுக்காகப் பா ஹுவா ஒரு மாதம் முனைந்து ஒரு பாராட்டு மடல் எழுதி, மேப்பிள் மரச்சட்டம் போட்டு, கண்ணாடி மாட்டி வைத்திருந்தார். கொடையில் நடக்கும் அறநிலையம் வேட்பாளர் ஒருவரைப் புகழலாமா? புகழ்ந்தால் வரிவிலக்கு போகும், அதைவிட முன்னதாக நம்பிக்கை போகும். முன்வரிசையில் வீற்றிருக்கும் சீஸ் ஆலை அதிபர் ஆரின் ஸ்டாட்லர் அவர்களை நம் கொடையாளர் ஆக்கியவர் நீங்கள். கையேடு அச்சாகும் செலவில் பெரும்பங்கு அவர் தருவது. அதற்கு அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: முதலிலிருந்து கடைசி வரை படித்தாலும் நாம் யார் பக்கம் என்று அவரால் கண்டுபிடிக்க முடியக் கூடாது. புதன்கிழமை காலை அவர் வந்து மேசைமேல் இருந்த மடலை நின்றபடியே படித்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. செவுத்துல மாட்டுங்க, வேணாங்கல. கையேட்டுச் செலவுக்கு மட்டும் வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

கையேடு நின்றால் அதிலுள்ள, பா ஹுவாவின் தாய்மொழியான ஹ்மாங் மொழிப் பக்கங்களும் நிற்கும். அந்தப் பக்கங்கள் எப்படி வந்தன, அவற்றுக்காக நீங்கள் எந்தெந்தத் தீவனக் கடையிலும் தேவாலயக் கூடத்திலும் கையேந்தினீர்கள், அவை வந்த ஆண்டு பா ஹுவாவின் தாயார் வாக்குச்சீட்டை யாருடைய துணையும் இல்லாமல் எப்படி நிரப்பினார் என்பதெல்லாம் அந்த மடலில் இருந்தது. பா ஹுவா சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றி, தாளை உருவி, துண்டுபோடும் இயந்திரத்தில் தம் கையாலேயே விட்டார். நாங்கள் யாரும் தடுக்கவில்லை.

விழாவை நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தோம். அப்போதுதான் நீங்கள் இயற்றிய விதி நினைவுக்கு வந்தது: ஒரு வேட்பாளருக்கு நாற்காலி போட்டால் மற்றவருக்கும் போட வேண்டும், அதே உயரத்தில். ஆகவே ஜீன் அவர்களே, உங்களை அழைத்தோம். மனைவி செய்த எலுமிச்சைக் கேக்கோடு வந்து சங்கடமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் இருவருக்கும் ஒரே அளவு சால்வை. மேடையில் ஆளுக்குச் சம நேரம். ஆரின் அவர்களே, நன்றாகக் காது கொடுத்துக் கேளுங்கள். எங்கேனும் சாய்ந்திருந்தால் இப்போதே கை தூக்குங்கள்.

மார்லிஸ் அவர்களே, இதுவரை வந்த அதிர்ச்சிகளைக்கூடத் தாங்கிக்கொண்டோம். நேற்று பிற்பகல் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

உங்கள் சன்னலோரப் பூந்தொட்டியை எடுத்துப் போக வந்தீர்கள். எல்லோரிடமும் சிரித்துப் பேசினீர்கள். தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பா ஹுவாவின் மேசை அருகே நின்று, "பா ஹுவா, நவம்பர்ல உன் ஓட்டு எனக்குத்தானே?" என்றீர்கள்.

அந்த அறையில் அந்தக் கேள்வி! யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது என்று நீங்களே சட்டம் வைத்த கேள்வி! தட்டச்சு ஓசை நின்றது. பத்தொன்பது ஆண்டுகள் உங்களுக்கு எதிர்மேசையில் உட்கார்ந்து, உங்கள் தேநீரில் பாதியைக் குடித்து வளர்ந்த நட்பு அது. பா ஹுவாவின் முகம் வெளுத்துவிட்டது.

"மார்லிஸ், நீங்க இப்ப வேட்பாளர். ஆபீசுக்குள்ள ஓட்டுக் கேக்கக் கூடாது. வெளிய போங்க" என்றார்.

நீங்கள் போனீர்கள். வாசலுக்கு வெளியே நடைபாதையில் தொட்டியோடு நின்றீர்கள். பா ஹுவா, கழுத்திலிருந்த அலுவலக அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு குடிமகளாக உங்களுக்குப் பதில் சொல்ல வெளியே வந்தார். எங்களுக்கும் உங்கள் இருவருக்கும் இடையே ஒரு பெரிய கண்ணாடிதான். அவர் தலை ஆடினால் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று தெரிந்துவிடும். சொல்லி வைத்தாற்போல் நாங்கள் எல்லோரும் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம்.

கதவு திறந்த பிறகே திரும்பினோம். பா ஹுவாவின் கண்கள் சிவந்திருந்தன. கையில் உங்கள் பூந்தொட்டி இருந்தது.

மார்லிஸ் அவர்களே, ஜீன் அவர்களே! நீங்கள் இருவரும் நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு காலம் நிறைவோடு வாழ வேண்டும் என்று ஒரே குரலில் வேண்டுகிறோம். உடல்நலம் வேண்ட எந்த விதியும் தடை சொல்லவில்லை. வாக்கைப் பற்றி எங்களிடம் ஒரு சொல்லும் கிடையாது.

வேட்பாளரிடம் அன்பளிப்புப் பெறுவது முறையல்ல. பூந்தொட்டி மேடைக்கு இடப்புறம் இருக்கிறது, மார்லிஸ். தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறோம். போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
இரு கண்களையும் துடைத்துக்கொண்டு,
ஆல்டர் மாவட்ட வாக்காளர் கல்வி அறக்கட்டளைப் பணியாளர்கள்